'ஃபார்' என்னும் ஆங்கில வினையடையும் கொங்குத் தமிழின் எல்லைச் சொற்களும்

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கிலத்தில் 'ஃபார்' என்னும் ஒரே வினையடை இடத்தின் தொலைவையும், காலத்தின் நீட்சியையும், பண்பின் மிகுதியையும், அறிவின் வரம்பையும் குறிக்கிறது. தமிழில் இப்பணிகள் வெவ்வேறு சொற்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டுள்ளன. ஆங்கிலம் அளவைத் தொலைவாகக் காண, தமிழ் அதனை எல்லையாகவும் நிறைவாகவும் காண்கிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். கொங்கு வட்டாரப் பேச்சு, கோயம்புத்தூர்ப் பகுதியில் வழங்கும் ஆங்கிலம், கொங்கு நாவல்கள் ஆகிய மூன்று களங்களில் இக்கருதுகோள் சோதிக்கப்படுகிறது. வகுப்பறையில் பிழை என்று திருத்தப்படும் சில ஆங்கிலத் தொடர்கள் இந்த அமைப்பின் விளைவுகளே என்பதும், மொழிபெயர்ப்பில் இவ்வேறுபாட்டைக் கவனியாதபோது சமூகப் பொருள் இழக்கப்படும் என்பதும் நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வினையடை, தொலைவு, எல்லை, கொங்குத் தமிழ், இந்திய ஆங்கிலம், வட்டார நாவல், மொழிபெயர்ப்பு

1. முன்னுரை

இருமொழி அகராதியைப் புரட்டும் மாணவர் 'ஃபார்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் 'தொலைவில்', 'தூரத்தில்', 'மிகவும்' என்பன போன்ற பொருள்களைக் காண்கிறார். அவை தவறானவை அல்ல. ஆயினும் அச்சொல் வரும் ஆங்கிலத் தொடர்களுள் பலவற்றை அப்பொருள்களைக் கொண்டு தமிழில் சொல்லிவிட முடியாது. 'ஆஸ் ஃபார் ஆஸ் ஐ நோ' என்பது தமிழில் 'எனக்குத் தெரிந்தவரை' ஆகிறது. 'சோ ஃபார்' என்பது 'இதுவரை' ஆகிறது. 'ஃபார் பெட்டர்' என்பதற்கு 'எவ்வளவோ மேல்' என்கிறோம். 'ஃபார் ஃப்ரம் த ட்ரூத்' என்பதற்கு 'உண்மைக்குப் புறம்பானது' என்கிறோம். ஒருவர் 'டூ ஃபார்' போய்விட்டார் என்று ஆங்கிலம் கூறுமிடத்தில் அவர் 'வரம்பு மீறிவிட்டார்' என்று தமிழ் கூறுகிறது. இவ்வைந்து தமிழ்த் தொடர்களுள் ஒன்றிலேனும் தூரம் என்னும் கருத்து இல்லை.

இதனை 'ஒரு சொல்லுக்குப் பல பொருள்' என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. ஆனால் ஐந்து தொடர்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு புலப்படுகிறது. வரை, வரம்பு, புறம்பு ஆகிய மூன்றும் எல்லைக்கோட்டை முன்வைக்கும் சொற்கள். 'எவ்வளவோ' என்பதில் அளவு உள்ளது. ஆங்கிலம் ஒருவர் எவ்வளவு தொலைவு சென்றார் என்று கேட்கும் இடத்தில், தமிழ் கோடு எங்கே உள்ளது, அவர் அதற்கு உள்ளே இருக்கிறாரா வெளியே இருக்கிறாரா என்று கேட்கிறது.

இவ்வாய்வுக்குக் கொங்கு நாட்டைக் களமாகக் கொள்வதற்குக் காரணங்கள் மூன்று. ஆலைகளும் பொறியியல் தொழில்களும் கல்லூரிகளும் நிறைந்த கோயம்புத்தூரில் ஆங்கிலம் அன்றாட வழக்கில் உள்ளது. கொங்கு வட்டாரப் பேச்சில் தொலைவையும் அளவையும் குறிக்கும் தனிச்சொற்கள் இன்றும் உயிர்ப்புடன் வழங்குகின்றன. கொங்கு வாழ்வை எழுதிய நாவல்கள் தமிழில் வலுவான ஒரு மரபாக வளர்ந்து, அவற்றுள் சில ஆங்கிலத்திலும் பரவலாக வாசிக்கப்படுகின்றன. இரு மொழிகளின் அளவுகோல்களும் ஒரே நிலப்பரப்பில் சந்திக்கும் இடம் இது.

2. ஆங்கிலத்தில் 'ஃபார்'

ஆங்கிலம் பேசுவோர் இச்சொல்லை எல்லா இடத்திலும் ஒரே வகையில் ஆள்வதில்லை. இடத்தொலைவைக் குறிக்கும்போது அது வினாவிலும் எதிர்மறையிலும் இயல்பாக வருகிறது. பொள்ளாச்சி 'ஃபார்'தானா என்று கேட்கலாம், 'ஃபார்' இல்லை என்று மறுக்கலாம். ஆனால் உடன்பாட்டுத் தொடரில் அது தனித்து நிற்கத் தயங்குகிறது. அங்கே 'எ லாங் வே' என்றோ 'ஃபார் அவே' என்றோ சொல்வதே ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டோரின் பெருவழக்கு. 'டூ', 'சோ', 'இனஃப்' போன்ற சொற்கள் உடன்வரும்போது அத்தயக்கம் நீங்குகிறது. ஆகவே இடப்பொருளில் 'ஃபார்' என்பது பெரும்பாலும் அளந்து பார்க்கும் சொல்லாகவே நிற்கிறது; அளவு இன்னது என்று உறுதிபடக் கூறும் வேலையை வேறு தொடர்களுக்கு விட்டுவிடுகிறது.

மிகுதிப் பொருளில் அதன் நடத்தை வேறு. அங்கே அது உடன்பாட்டில் தயக்கமின்றி வருகிறது. ஆனால் ஒப்பீடு வேண்டும். 'ஃபார் பெட்டர்' என்பது சரி. 'ஃபார் குட்' என்று அதே பொருளில் கூற இயலாது. 'பை ஃபார்' என்பது உச்சநிலையைச் சார்ந்து வருகிறது. 'ஃபார் டூ' என்பது அளவு கடந்த நிலையைச் சுட்டுகிறது. இரு புள்ளிகள் இருந்தால்தான் இடைவெளி உண்டு என்னும் கணக்கு இங்கே செயல்படுகிறது. நல்லது ஒரு புள்ளி, அதனினும் நல்லது மற்றொரு புள்ளி, இரண்டுக்கும் இடைப்பட்ட நெடுவழியே 'ஃபார்'. நடப்பவர் யாரும் இல்லாமலே வழி மட்டும் எஞ்சிவிடுகிறது.

எதிர்மறைப் பொருளுக்கும் இதே கணக்குத்தான். 'ஃபார் ஃப்ரம் ஹேப்பி' என்பது மகிழ்ச்சி என்னும் ஊரிலிருந்து ஒருவரை நெடுந்தொலைவில் நிறுத்துகிறது. அவர் மகிழ்ச்சியற்றவர் என்று நேரே கூறாமல், தொலைவைக் கூறி மறுப்பைக் கேட்பவரின் ஊகத்துக்கு விடுகிறது. ஆங்கிலத்தின் மென்மையான மறுப்புகள் பல இவ்வகையின.

'ஃபார்தர்', 'ஃபர்தர்' என்னும் இரு வடிவங்களுள் முன்னது இடத்தொலைவுக்கும் பின்னது அளவு மிகுதிக்கும் உரியது என்று இலக்கண ஆசிரியர் சிலர் வரையறுத்துள்ளனர். வழக்கிலோ 'ஃபர்தர்' இரண்டுக்கும் ஆளப்படுகிறது. விதி பிரிக்க முயல்வதை வழக்கு மீண்டும் ஒன்றாக்குகிறது. தொலைவும் அளவும் ஆங்கில மனத்தில் எவ்வளவு நெருங்கியவை என்பதற்கு இது சான்று.

3. தமிழின் மூன்று வழிகள்

தமிழில் 'தூரம்' பெயர்ச்சொல். வடமொழியிலிருந்து வந்து நிலைத்த சொல். வினையைத் தழுவ வேண்டுமெனில் அது தூரத்தில், தூரமாக, தூரத்துக்கு என்று உருபோ ஈறோ ஏற்க வேண்டும். 'ஃபார்' போலத் தனித்து நின்று வினையையும் பண்பையும் ஒருங்கே தழுவும் ஆற்றல் அதற்கு இல்லை. ஆகவே தமிழ் வேறு வழிகளைக் கையாள்கிறது.

முதல் வழி, எல்லை. வரை, மட்டும், அளவும், காறும் ஆகிய நான்கும் இவ்வகையின. வரைதல் என்பது கோடிடுதல். வரை என்பது கோடும் எல்லையும். மட்டு என்பதும் அளவின் வரம்பையே குறிக்கும். பழைய உரைநடையிலும் ஈழத்துப் பேச்சிலும் 'வரும்மட்டும்' என்பது வரும்வரை என்னும் பொருளில் வழங்குகிறது. எழுத்துத் தமிழில் 'இதுகாறும்' இன்றும் உண்டு. இச்சொற்கள் இடத்துக்கும் காலத்துக்கும் அறிவுக்கும் வேறுபாடின்றிப் பொருந்துகின்றன. உக்கடம் வரை, மாலை வரை, தெரிந்தவரை, என்னைப் பொறுத்தவரை என்பவற்றில் சொல் ஒன்றே. தெலுங்கின் 'வரகு', கன்னடத்தின் 'வரெகெ', மலையாளத்தின் 'வரெ' ஆகியனவும் இவ்வாறே இடத்தையும் காலத்தையும் ஒருசேரத் தழுவுகின்றன. எனவே இது தமிழுக்கு மட்டும் உரிய போக்கு அன்று. தென்னிந்திய மொழிக்குடும்பத்தில் பரவிய போக்கு.

இரண்டாவது வழி, நிறைவு. மிகுதியைக் குறிக்கப் பேச்சுத் தமிழ் பெரிதும் ஆளும் 'ரொம்ப' என்பது 'நிரம்ப' என்பதன் திரிபு. கொங்குப் பேச்சில் அது 'நெம்ப' என ஒலித்து, முதலெழுத்தாகிய நகரத்தை இழக்காமல் நிற்கிறது. கொங்கில் 'எச்சு', 'எச்சா' என்பனவும் மிகுதிப் பொருளில் வழங்குகின்றன. இவை கன்னடத்தின் 'ஹெச்சு' என்பதோடு உறவுடையவை. மிகுதியை உணர்த்தும் உரிச்சொற்களாக நன்னூல் நனி, தவ, உறு, சால, கழி, கூர் ஆகிய ஆறினைத் தொகுத்துரைக்கிறது. அந்நூலின் ஆசிரியர் பவணந்தி முனிவர் கொங்கு நாட்டுச் சீனாபுரத்தைச் சேர்ந்தவர் எனப் பலரும் கருதுவர். அவ்வாறு சொற்களுள் எதுவும் வெளிப்படையான தூரச்சொல் அன்று என்பது இங்குக் கருதத்தக்கது. சேய்மையைக் குறிக்கத் தனிச்சொற்கள் இருந்தும் அவை மிகுதிப் பட்டியலில் இடம்பெறவில்லை.

மூன்றாவது வழி, செயல். மிக, நிரம்ப, எட்ட ஆகியவை வடிவில் 'செய' என்னும் எச்சங்கள். தள்ளி, தாண்டி ஆகியவை 'செய்து' என்னும் எச்சங்கள். 'கொஞ்சம் தள்ளி' என்னும்போது ஒரு தள்ளுதலும், 'ரெண்டு காடு தாண்டி' என்னும்போது ஒரு தாண்டுதலும் பொருளில் தொக்கி நிற்கின்றன. ஒப்பீட்டுக்குப் பயன்படும் 'விட' என்பதும் விடு என்னும் வினையின் எச்சமே. ஒப்புமைப் படிகளைக் காட்டும் விகுதிகள் திராவிட மொழிகளின் பெயரடைகளுக்கு இல்லை என்பதைக் கால்டுவெல் 1856இல் வெளியான தம் ஒப்பிலக்கணத்தில் சுட்டியுள்ளார். விகுதி இல்லாத இடத்தைத் தமிழில் வினை நிரப்புகிறது. 'அதைவிட இது எவ்வளவோ மேல்' என்னும்போது ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு ஏறும் ஒரு செயல் நிகழ்கிறது.

கொங்கு நிலத்தின் அமைப்பும் இவ்வழக்குக்குத் துணை நிற்கிறது. இங்கே 'காடு' என்பது வனம் அன்று, மானாவாரி நிலம். கிணற்றுப் பாசனம் உள்ள நிலம் 'தோட்டம்'. குடியிருப்புகள் ஊருக்குள் நெருங்கி இருப்பதோடு தோட்டங்களில் சிதறியும் உள்ளன. வேலிகளுக்கு இடையே செல்லும் 'இட்டேரி' அவற்றை இணைக்கிறது. இத்தகைய நிலத்தில் தொலைவைச் சொல்ல எண்ணைவிடத் தாண்ட வேண்டிய எல்லைகளே உதவுகின்றன. 'அக்கட்ட' என்னும் கொங்குச் சொல் அந்தப் பக்கம் என்னும் பொருளது. இட்டேரிக்கு அக்கட்ட உள்ள வீடு பத்தடியிலும் இருக்கலாம், அரை மைலிலும் இருக்கலாம். சொல் அளப்பது தொலைவை அன்று, பக்கத்தை. பழந்தமிழ் நீட்டலளவையில் நான்கு கூப்பீடு ஒரு காதம் என்பர். அங்கும் அலகு மனிதக் குரல் எட்டும் எல்லையைக் கொண்டு பெயர் பெற்றுள்ளது. இன்றும் பக்கத்து வீட்டைக் 'கூப்பிடு தூரம்' என்கிறோம்.

4. ஒரு மறுப்பும் அதற்கான விளக்கமும்

தமிழிலும் தூரம் அளவாக மாறுவதுண்டே என்னும் மறுப்பு எழக்கூடும். 'அது எவ்வளவு தூரம் உண்மை?', 'இவ்வளவு தூரம் சொல்லியும் கேட்கவில்லை', 'பேச்சு வெகுதூரம் போய்விட்டது' ஆகிய தொடர்கள் இயல்பாக வழங்குகின்றன. இம்மறுப்பு வலுவானது, அதனைக் கடந்து செல்ல முடியாது.

முதல் இரு தொடர்களிலும் தூரத்துக்கு முன் 'எவ்வளவு', 'இவ்வளவு' ஆகிய சொற்கள் நிற்கின்றன. அவற்றுள் சுட்டோடும் வினாவோடும் சேர்ந்திருப்பது அளவு. தூரத்தை நீக்கிவிட்டு 'எவ்வளவு உண்மை', 'இவ்வளவு சொல்லியும்' என்றாலும் பொருள் சிதைவதில்லை. அளவை நீக்கிவிட்டுத் 'தூரம் உண்மை' என்றால் தொடரே இல்லை. ஆகவே அங்கு அளவுப்பொருளைச் சுமப்பது அளவு என்னும் சொல்லே; தூரம் அதற்கு அழுத்தம் தரும் துணை. மூன்றாவது தொடரில் 'போய்விட்டது' என்னும் செலவு வினை உள்ளது. பேச்சு என்னும் ஒன்று புறப்பட்டு நடந்து சென்றதாக உருவகிக்கப்படுவதால் அங்கே தூரம் பொருந்துகிறது.

இதிலிருந்து ஒரு வரையறை பெறப்படுகிறது. தமிழில் தூரம் அளவாக வேண்டுமெனில் அளவுச்சொல் ஒன்று அதனைத் தாங்க வேண்டும், அல்லது செல்லுதல் வினை ஒன்று அதனை நடத்த வேண்டும். இரண்டும் இல்லாத இடத்தில் தூரம் அளவாவதில்லை. 'ஃபார் பெட்டர்' என்பதை ஒருவரும் 'தூரம் மேல்' என்று கூறாமைக்குக் காரணம் இதுவே. நடப்பவரை உதிர்த்துவிட்ட ஆங்கிலத் தொலைவுக்கும், நடப்பவரை இன்னும் விடாத தமிழ்த் தூரத்துக்கும் உள்ள வேறுபாடு இது. பெருத்த வேறுபாட்டைச் சொல்லத் தமிழர் 'ஏணி வைத்தாலும் எட்டாது' என்பர். அங்கும் எட்ட முயலும் ஒருவரும் ஓர் ஏணியும் இருக்கிறார்கள்.

5. கோயம்புத்தூர் வழக்கில் ஆங்கிலம்

மேற்கண்ட அமைப்பு, கோயம்புத்தூர்ப் பகுதியில் வழங்கும் ஆங்கிலத்தில் மூன்று இடங்களில் தெளிவாக வெளிப்படுகிறது. இம்மூன்றும் இந்திய ஆங்கிலத்தில் பரவலாக உள்ளவையே. இந்தியின் 'தக்' போன்ற சொற்களும் அவற்றுக்குத் துணை செய்கின்றன. எனினும் கொங்குப் பேச்சோடு ஒப்பிடும்போது அவற்றின் அகக்காரணம் விளங்குகிறது.

முதலாவது, 'ஹவ் மச் ஃபார்' என்னும் வினா. வகுப்பறையில் இது உடனே 'ஹவ் ஃபார்' என்று திருத்தப்படுகிறது. 'எவ்வளவு தூரம்', 'எத்தனை தூரமுங்க' என்று கேட்டுப் பழகியவருக்குத் தூரம் ஒரு பெயர். அதற்கு முன் அளவுச்சொல் வந்தாக வேண்டும். அவர் 'ஃபார்' என்பதை வினையடையாக அன்றிப் பெயராகக் கொள்கிறார். 'ஹவ்' என்பது தனியே அளவைக் கேட்கும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. 'மச்' வேண்டாம் என்று மட்டும் சொல்லப்படுகிறது.

இரண்டாவது, இடத்தோடு வரும் 'டில்'. காந்திபுரம் வரை வருகிறேன் என்பதை 'டில் காந்திபுரம்' என்று கூறுவது இயல்பான வழக்கு. இன்றைய பொது ஆங்கிலத்தில் 'டில்' காலத்துக்கு உரியது. இடத்துக்கு 'ஆஸ் ஃபார் ஆஸ்' வேண்டும். வரை என்னும் ஒற்றைச் சொல்லை உடையவர் இரண்டு சொற்களுக்கு இடையே பிரிவினை தேடுவதில்லை. ஸ்காட்லாந்து வழக்கிலும் இங்கிலாந்தின் வடபகுதிப் பழவழக்கிலும் 'டில்' இடத்தைத் தழுவி வந்துள்ளது. ஆகவே இடத்தோடு அச்சொல்லை ஆள்வது அறிவுக்குப் பொருந்தாத செயல் அன்று. இன்றைய பொது வழக்கோடு பொருந்தாதது, அவ்வளவே.

மூன்றாவது, 'டில் நவ்'. முன்னிரண்டும் கேட்போருக்கு விளங்கிவிடும். இது விளங்காமல் போகக்கூடியது. 'இதுவரை பணம் வரவில்லை' என்று கூறும் தமிழர், இந்தக் கணத்தில் கோடிட்டு, கோட்டுக்கு இப்பால் நிகழ்ந்ததை மட்டும் சொல்கிறார். இனி வருமா வராதா என்பது பற்றி அத்தொடர் ஒன்றும் கூறுவதில்லை. அதனை அவர் 'டில் நவ்' என்று எழுதுகிறார். பொது ஆங்கிலத்தில் அதற்கு நிகர் 'சோ ஃபார்'. 'அன்டில் நவ்' என்பதோ நிலைமை இப்போது மாறிவிட்டது என்னும் குறிப்பைத் தரவல்லது. பணம் வரவில்லை என்று முறையிடும் கடிதம், இப்போது வந்துவிட்டது என்று படிக்கப்படும் வாய்ப்பு அங்கே உருவாகிறது. வணிகக் கடிதத்திலும் பணி விண்ணப்பத்திலும் இவ்வேறுபாடு பொருளிழப்பையே தரக்கூடும்.

ஆங்கிலம் கற்பிக்கும் நூல்கள் இம்மூன்றையும் 'பொதுப் பிழைகள்' என்னும் ஒரே பட்டியலில் அடுக்குவது வழக்கம். பட்டியல் பிழையைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டுவதில்லை. மூன்றும் வெவ்வேறு விதிகளை மீறியவையாக மாணவர் மனத்தில் பதிகின்றன. உண்மையில் மூன்றுக்கும் வேர் ஒன்று: அளவைத் தூரமாகக் காணும் மொழிக்குள், அளவை எல்லையாகக் காணும் மொழியின் பேச்சாளர் நுழைகிறார். 'இதுவரை' என்பதில் கோடும், 'சோ ஃபார்' என்பதில் இன்னும் முடியாத நடையும் இருப்பதைச் சுட்டிக்காட்டினால், மாணவர் மூன்று விதிகளை மனனம் செய்ய வேண்டியதில்லை. தம் மொழியில் என்ன செய்கிறோம் என்பதையும் அவர் அறிந்துகொள்வார்.

6. கொங்கு நாவல்களும் மொழிபெயர்ப்பும்

எல்லைக்கும் தொலைவுக்கும் உள்ள வேறுபாடு இலக்கணத்தோடு நின்றுவிடுவதில்லை. ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' 1942இல் வெளிவந்தது. கொங்கு வட்டார நாவலின் தொடக்கமாகப் போற்றப்படுவது. கணவனை இழந்த பெண் குடும்ப நிலத்தில் தன் பங்கைக் கேட்பது அதன் மையம். நிலத்தைப் பிரித்தல் என்பது கோடிடுதல். பெண்ணொருத்தி வரம்பு மீறுகிறாள் என்று ஊர் பேசும் உலகில் அச்சொல்லுக்கு வயலின் வரப்பும் ஒழுக்கத்தின் எல்லையும் ஒன்றாகவே பொருளாகின்றன. இதனை ஆங்கிலத்தில் 'கோயிங் டூ ஃபார்' என்று பெயர்த்தால் நெடுந்தொலைவு சென்ற ஒருத்தி கிடைப்பாள். கோட்டைத் தாண்டிய ஒருத்தி கிடைக்கமாட்டாள். நிலம் கேட்பவளின் கதையில் கோடு மறைவது சிறிய இழப்பு அன்று.

'எட்ட' என்னும் சொல் இன்னும் கூர்மையானது. 'கைக்கு எட்டும்' என்பதில் எட்டுதல் அடைதல். 'எட்ட நில்' என்பதில் அதே வடிவம் அடையாமல் நிற்கப் பணிக்கிறது. இந்த ஏவலில் எத்தனை அடி என்று கூறப்படுவதில்லை. தொட முடியாத, தீண்ட முடியாத ஓர் எல்லையே அளவு. அவ்வெல்லையை இடுபவர் ஒருவர், அதில் நிற்பவர் மற்றொருவர். கொங்குச் சிற்றூர்களின் சாதி அடுக்கில் யார் வாசல்வரை வரலாம், யார் திண்ணைவரை வரலாம் என்பதை 'வரை' என்னும் சொல்லே தீர்மானித்து வந்துள்ளது. கொங்குச் சமூகத்தின் வலங்கை இடங்கைப் பிரிவுகளை ஆராய்ந்த பிரெண்டா பெக்கின் 1972ஆம் ஆண்டு நூல், நாடு முதல் ஊர், குடும்பம் வரையிலான இட அடுக்குகளின் வழியே சாதி உறவுகளைக் காண்கிறது. இட எல்லையும் சமூக எல்லையும் ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதற்கு அது துணைச்சான்று.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி', கவுண்டர் பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவர்களின் உலகைச் சொல்கிறது. வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் அது 2004இல் ஆங்கிலத்துக்குச் சென்றது. சிறுவர்கள் நாள் முழுவதும் திரியும் மேய்ச்சல் நிலம் பரந்தது. பண்ணையத்து வீட்டின் முன் அவர்கள் நிற்க வேண்டிய இடமோ குறுகியது. முன்னதை அடிகளாலும் மைல்களாலும் அளந்துவிடலாம். பின்னதை அளக்க முடியாது. முன்னதற்கு 'ஃபார்' பொருந்தும். பின்னதற்கு ஆங்கிலத்தில் விலக்கத்தையும் தடையையும் உணர்த்தும் வினைகளே பொருந்தும். இரண்டையும் ஒரே தொலைவுச் சொல்லால் பெயர்க்கும் மொழிபெயர்ப்பாளர் இலக்கணப் பிழை எதுவும் செய்தவராகார்; ஆனால் கட்டளையை வருணனையாக மாற்றியவராவார்.

'பூக்குழி' நாவல், சாதி கடந்து மணந்த சரோஜாவும் குமரேசனும் பேருந்திலிருந்து இறங்கி அவன் ஊரை நோக்கி நடப்பதில் தொடங்குகிறது. அனிருத்தன் வாசுதேவன் மொழிபெயர்த்த அதன் ஆங்கில வடிவம் 2023இல் பன்னாட்டு புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. பேருந்து நிறுத்தத்துக்கும் ஊருக்கும் இடைப்பட்ட வழி நடந்து கடக்கக்கூடியது. கடக்க முடியாதது ஊரின் எல்லை. ஊருக்குள் வந்த பின்னும் சரோஜா ஊருக்குப் புறம்பானவளாகவே நிறுத்தப்படுகிறாள். புறம்பு என்பதில் படிநிலை இல்லை. உள் அல்லது வெளி என்பது மட்டுமே உண்டு. அவள் ஊரினின்று 'ஃபார்' ஆக இருக்கிறாள் என்றால், இன்னும் சற்று நடந்தால் சேர்ந்துவிடலாம் என்னும் நம்பிக்கை அதில் ஒளிந்திருக்கும். தமிழ்ச் சொல் அந்த நம்பிக்கையைத் தருவதில்லை.

'தூரம்' என்னும் சொல்லுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. பெண்ணின் மாதவிலக்கு நாள்களைத் தமிழ்நாட்டில் பலவிடத்தும் 'வீட்டுக்குத் தூரம்' என்று சொல்வர். அவள் வீட்டின் பின்புறத்திலோ திண்ணையிலோதான் இருப்பாள். இடத்தால் அது தூரமே அன்று. இங்கே தூரம் முழுமையாக எல்லையாகிவிட்டது. வடமொழியிலிருந்து தொலைவுச் சொல்லாக வந்ததைக்கூடத் தமிழ் வழக்கு தன் எல்லைக் கணக்குக்குள் இழுத்துக்கொண்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் இடர் உண்டு. ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வரும் செய்திகளிலும் கட்டுரைகளிலும் 'உண்மையிலிருந்து வெகுதூரம் விலகியது' என்பது போன்ற தொடர்கள் பெருகியுள்ளன. 'உண்மைக்குப் புறம்பானது' என்பதோடு ஒப்பிட்டால் அது மழுங்கிய மறுப்பு. ஆங்கிலத்தின் மென்மை வேண்டப்படும் இடத்தில் அதற்கு இடமிருக்கலாம். பொய்யைப் பொய் என்று கூற வேண்டிய இடத்தில் அது தமிழ்ச் சொல்லின் தீர்ப்பைத் தளர்த்திவிடுகிறது.

7. முடிவுரை

'ஃபார்' என்பதற்குத் தமிழில் ஒற்றைச் சொல் இல்லாமை குறைபாடும் அன்று, தற்செயலும் அன்று. ஆங்கிலம் தொலைவு என்னும் ஒரே உருவகத்தை இடம், காலம், பண்பு, அறிவு ஆகிய அனைத்துக்கும் விரித்துள்ளது. தமிழ் அப்பணிகளை எல்லைச் சொற்களுக்கும் நிறைவுச் சொற்களுக்கும் வினையெச்சங்களுக்கும் பகிர்ந்துள்ளது. தூரம் அளவாகும் சில இடங்களிலும் அளவுச்சொல்லோ செல்லுதல் வினையோ அதற்குத் துணை நிற்கிறது.

இதனால் செய்யத்தக்கவை சில உள. இருமொழி அகராதிகள் இச்சொல்லுக்குப் பொருள்களை நிரலாக அடுக்குவதற்கு மாறாக, செல்லுதல் உண்டா, எல்லை உண்டா, ஒப்பீடு உண்டா என்னும் வினாக்களின்படி பிரித்துத் தரலாம். வட்டாரச் சொற்களைத் தொகுப்போர் பெயர்ச்சொற்களோடு நெம்ப, எச்சு, அக்கட்ட போன்ற அடைச்சொற்களின் பயன்பாட்டு எல்லைகளையும் பதிவு செய்யலாம். பெருமாள்முருகனின் 'கொங்கு வட்டாரச் சொல்லகராதி' 2000ஆம் ஆண்டில் தொடங்கி வைத்த பணி அத்திசையில் நீளத்தக்கது. ஆங்கில வகுப்புகளில் 'டில் நவ்' என்பதை அடித்துத் திருத்துமுன் 'இதுவரை' என்பதன் அமைப்பை மாணவரோடு பேசலாம். கொங்கு நாவல்களின் மொழிபெயர்ப்பை ஆராய்வோர், தூரம் கூறப்படும் ஒவ்வோரிடத்திலும் அத்தூரத்தை அளந்தவர் யார், விதித்தவர் யார் என்று கேட்கலாம். 'எட்ட நில்' என்பதில் தொலைவைவிட முதன்மையானது அதைச் சொன்ன வாய்.